ஏடுகளுக்கு இட்ட பூட்டு

கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் வார்த்தை. பொன்னைக் கொடுத்தவன் கையிற் பொன் இல்லை. பாடம் சொல்லிக் கொடுத்தவனிடத்திலோ பாடம் இருந்தபடியே இருக்கிறது. ஆயின், கல்வியைத் தாங்கி நிற்கும் ஏட்டின் நிலை முன்னாளில் அவ்வாறு இருக்கவில்லை. பனையோலையில் எழுதப்பெற்ற நூலொன்றைப் பிறிதொருவர் பெற விரும்பினால், எழுத்தாணி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் பல நாள் அமர்ந்து அதனைப் பெயர்த்தெழுத வேண்டும். அச்சுயந்திரம் வந்தபின் அந்த உழைப்புக் குறைந்தது. கடதாசிக்கும் மைக்கும் கூலிக்கும் ஆகும் செலவு மாத்திரம் எஞ்சியது. கணினியும் இணையமும் வந்தபின் அச்செலவும் ஏறக்குறைய இல்லாதொழிந்தது. இன்று ஒரு நூலைப் பிரதி செய்ய இமைப்பொழுது போதும். மூலநூல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். கல்வியைப்போலவே ஏடும் கொடுக்கக் குறையாத பொருளாகிவிட்டது.

நேயர்களே, எடுத்தாலும் குறையாத இப்பொருளை எடுத்தவனைக் கள்வன் என்று சொல்லலாமா? நூலகங்களிலும் நீதிமன்றங்களிலும் எழுப்பப்படும் இவ்வினா, ஐக்கிய அமெரிக்காவில் ஓர் இளைஞருடைய வாழ்க்கையோடு பின்னிக்கொண்டது. அவர் பெயர் ஆரன் சுவார்ட்ஸ்.

அவருடைய வரலாற்றுக்குள் புகுமுன் பதிப்புரிமை என்பது எங்கிருந்து வந்தது என்று நோக்குதல் வேண்டும். அது தொன்றுதொட்டு வந்த உரிமை அன்று. இலண்டன் நகரத்துப் புத்தக வணிகர் சங்கம் அச்சிடும் உரிமையை நெடுங்காலம் தன் கைக்குள் வைத்திருந்தது. நூலை எழுதியவர் கையெழுத்துப் பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அதன்பின் அதனைப் பற்றி அவர் வாய்திறக்க இடமில்லை. ஆன் அரசியின் ஆட்சியிலே, 1710 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டமே எழுதியவரை உரிமையாளராக முதன்முதலில் ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமையின் காலம் பதினான்கு ஆண்டு. அது முடியும்போது ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டு. அதன்பின் நூல் ஊருக்குப் பொது. அச்சட்டத்தின் தலைப்பே கல்வியை ஊக்குவித்தற்கான சட்டம் என்பதுதான். புலவனுக்குக் கொஞ்சக் காலம் வருவாய் கிடைக்கட்டும், பின்னர் உலகத்துக்கு நூல் கிடைக்கட்டும் என்ற ஒப்பந்தம் அதனுள் இருந்தது.

அமெரிக்கர் 1790 இல் இயற்றிய தமது முதற் பதிப்புரிமைச் சட்டத்திலும் இதே பதினான்கும் பதினான்கும் இடம்பெற்றன. பின்பு காலம் நீளத் தொடங்கிற்று. 1831 இல் இருபத்தெட்டும் பதினான்கும் ஆயிற்று. 1909 இல் இருபத்தெட்டும் இருபத்தெட்டும் ஆயிற்று. 1976 இன் சட்டம் ஆசிரியரின் ஆயுளோடு ஐம்பது ஆண்டைக் கூட்டியது. 1998 இல் அந்த ஐம்பது எழுபதாயிற்று. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் ஆயுளும் எழுபது ஆண்டுமே பொதுவிதி. மறைந்துபோன புலவரை எழுபது ஆண்டு ஊக்குவித்தாலும் அவர் இன்னொரு காவியம் பாடப்போவதில்லை. ஆயினும் சட்டம் அவரை ஊக்குவித்துக்கொண்டே இருக்கிறது!

1998 ஆம் ஆண்டின் நீட்டிப்புச் செல்லாது என்று அமெரிக்க உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு 2002 ஒக்டோபரில் விசாரணைக்கு வந்தது. வழக்கை எடுத்துரைத்தவர் லோரன்ஸ் லெசிக் என்னும் சட்டப் பேராசிரியர். அவருடைய அழைப்பின்பேரில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் நீதிமன்றத்தில் அமர்ந்து வாதங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். அச்சிறுவனே ஆரன் சுவார்ட்ஸ். அடுத்த ஆண்டு தைமாதத்தில் ஏழு நீதிபதிகள் எதிராகவும் இருவர் சார்பாகவும் தீர்ப்பளித்தமையால் லெசிக் தோற்றார்.

சுவார்ட்ஸ் 1986 ஆம் ஆண்டு சிக்காகோ நகரை அடுத்த ஊரொன்றிற் பிறந்தவர். இணையத்தளங்களின் புதுச் செய்திகளை வாசகருக்குத் தாமாகவே கொண்டுசேர்க்கும் முறையொன்றின் விதிகளை வகுத்த குழுவில், பதினான்கு வயதிலே அவர் பங்குகொண்டார். ஆசிரியர் தம் ஆக்கத்தைப் பிறர் எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதைத் தாமே எளிய உரிமப் பத்திரத்தால் அறிவிக்க உதவும் கிரியேட்டிவ் கொமன்ஸ் இயக்கத்தின் தொடக்க காலத்தில், அதன் கணினிப் பணியிலும் அவர் உழைத்தார். ரெடிற் என்னும் நிறுவனத்தின் பங்காளர்களுள் ஒருவராய் இருந்து, அது 2006 இல் விலைபோனபோது இருபது வயதுக்குள்ளேயே செல்வரும் ஆனார். அச்செல்வத்தைப் பெருக்குவதில் அவருக்கு நாட்டம் இருக்கவில்லை.

இவ்விடத்தில் மறுபக்க நியாயத்தையும் சொல்லாது செல்லுதல் முறையன்று. 1999 இல் பொஸ்ரன் நகரத்துப் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஷோன் ஃபானிங் என்பவர் நப்ஸ்ரர் என்ற கணினிச் செயலியை வெளியிட்டார். ஒருவருடைய கணினியில் உள்ள பாட்டுக் கோப்பை உலகின் மறுகோடியில் இருப்பவர் தம் கணினிக்கு நேரே எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. பாட்டுகள் நப்ஸ்ரரிடம் இல்லை. எந்தப் பாட்டு எவரிடம் உண்டு என்ற அட்டவணை மாத்திரமே அதனிடம் இருந்தது. கோடிக்கணக்கானோர் அதனைக் கையாண்டனர். இசைத்தட்டு நிறுவனங்கள் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தன. 2001 ஜூலையில் நப்ஸ்ரர் தன் சேவையை நிறுத்தியது. அந்நிறுவனங்கள் கொழுத்தவை, அவற்றுக்கு நட்டம் வந்தால் என்ன என்று பேசியவர்கள் பலர். ஆனால் பாட்டை இயற்றியவரும் பாடியவரும் வாத்தியம் வாசித்தவரும் இசைத்தட்டு விற்ற பணத்தில் ஒரு பங்கினாலே பிழைப்பவர்கள். குறையாத பொருள் என்று சொல்லி அவர்கள் பானையைக் குறைப்பது நீதியாகாது.

ஆராய்ச்சிக் கட்டுரையின் கதை முற்றிலும் வேறு. இரசாயன அறிஞர் ஒருவரோ வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரோ கட்டுரை எழுதி ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கு அனுப்புகிறார். பொதுவாக அதற்கு அவருக்குச் சன்மானம் இல்லை. கட்டுரையைப் படித்துப் பிழை திருத்தி இது தகும், இது தகாது என்று சொல்லும் அறிஞர்களுக்கும் பெரும்பாலும் ஊதியம் இல்லை. அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். ஆய்வுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அரசாங்கம், அதாவது வரி செலுத்தும் பொதுமக்கள். அங்ஙனமாகவும், கட்டுரை வெளிவருவதற்காக அதன் பதிப்புரிமையை ஆசிரியர் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுவது வழக்கம். பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் அச்சஞ்சிகையைச் சந்தா கட்டி வாங்குகிறது. தன் தோட்டத்து மாங்காயைச் சந்தைக்காரனுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, மாலையில் அதே மாங்காயை விலைகொடுத்து வாங்கி வருபவனைக் கண்டால் ஊர் சிரிக்கும். பல்கலைக்கழகங்கள் செய்தால் அதற்கு ஆராய்ச்சி வெளியீடு என்று பெயர். சந்தா கட்ட இயலாத சிறு கல்லூரியின் ஆசிரியரும், பட்டம் பெற்று வெளியேறிய பின்னும் படிக்க விரும்புபவரும், தன் நோயைப் பற்றிய கட்டுரையைத் தேடும் நோயாளியும் வாயிலிலே நிற்கவேண்டியதுதான்.

நப்ஸ்ரரிற் பூட்டு எழுதியவனைக் காத்தது. இங்கே பூட்டு எவரைக் காக்கிறது? சுவார்ட்ஸ் கேட்ட கேள்வி இதுவே.

அவர் இக்கேள்வியோடு முதலில் அணுகியது கட்டுரைகளை அல்ல, நீதிமன்ற ஏடுகளை. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் வழக்கு ஏடுகள் எவருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுப்பொருள். ஆயினும் அவற்றைக் கணினி வழியே பார்க்க விரும்புபவர் அக்காலத்திற் பக்கம் ஒன்றுக்கு எட்டுச் சதம் செலுத்தவேண்டும். பதினேழு நூலகங்களில் மாத்திரம் பரீட்சார்த்தமாக இலவசமாய்ப் பார்க்க அனுமதித்தனர். 2008 இல் சுவார்ட்ஸ் அவ்வழியைப் பயன்படுத்தி ஏறக்குறைய இரண்டு கோடிப் பக்கங்களைத் தரவிறக்கம் செய்து, பொதுமக்கள் படிப்பதற்குக் கொடுத்தார். மத்தியப் புலனாய்வுத் துறை அவரை விசாரித்து, 2009 இல் குற்றம் எதுவும் சாட்டாது கோப்பை மூடிவிட்டது. நீதிமன்றங்கள் அக்கட்டணத்தை அளவுக்கு மிஞ்சி அறவிட்டன என்று பின்னாளில் வேறு சிலர் தொடுத்த வழக்கு, 125 மில்லியன் டொலர் இணக்கத்தோடு 2024 இல் முடிந்தது என்பதையும் இவ்விடத்திற் குறித்துக்கொள்ளலாம்.

அதே 2008 இன் ஜூலையில் இத்தாலியிலிருந்து அவர் பெயரில் ஒரு சிறு பிரகடனம் வெளிவந்தது. நூலகங்களின் கதவு திறந்திருக்கும் பேறு பெற்ற மாணவரும் ஆய்வாளரும் நூலகரும், அப்பேறு இல்லாதோரோடு அவற்றைப் பகிர்ந்துகொள்ளுதல் கடமை என்று அது கூறியது. அந்த ஏட்டைத் தமக்கு எதிரான சாட்சியாக அரசாங்கம் எடுத்துவைக்கும் என்று அன்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

ஜேஸ்ரோர் என்பது பழைய ஆராய்ச்சிச் சஞ்சிகைகளைப் படமெடுத்துக் கணினியிற் சேமித்து வைக்கும் நூலகம். 1995 இல் தொடங்கப்பெற்றது. அது இலாபம் தேடும் கடை அன்று. பழந்தொகுதிகளை அடுக்க இடமின்றித் திணறிய நூலகங்களின் துயர் தீர்க்கப் பிறந்தது. படமெடுப்பதற்கும் பாதுகாப்பதற்கும் பதிப்பாளருக்குக் கொடுப்பதற்கும் பணம் வேண்டுமாதலால் சந்தா அறவிட்டது. ஆதலால் அதனைக் கொடியவனாக நிறுத்தி இக்கதையைச் சொல்வது எளிது, நேர்மை அன்று.

பொஸ்ரனுக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில் மாசச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வந்த விருந்தினரும் தன் கணினி வலையைப் பயன்படுத்தலாம் என்று வாயில் திறந்து வைத்திருந்த கல்விக்கூடம் அது. 2010 செப்ரெம்பரில் அங்கே, விருந்தினர் ஒருவர் போலப் புனைபெயரிற் பதிந்துகொண்ட ஒரு மடிக்கணினி ஜேஸ்ரோரின் கட்டுரைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கத் தொடங்கிற்று. எடுத்த வேகத்தில் ஜேஸ்ரோரின் இயந்திரங்கள் தடுமாறின. அந்தக் கணினியின் முகவரியைத் தடுத்தபோது முகவரி மாறிற்று; மீண்டும் தடுத்தபோது மீண்டும் மாறிற்று. ஒக்டோபரிற் சில நாட்கள் அந்நிறுவனம் முழுவதற்குமே ஜேஸ்ரோர் தன் கதவை அடைத்தது. ஒருவர் செய்த காரியத்தால் நூற்றுக்கணக்கான உண்மை மாணவர் படிக்க முடியாது போயினர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. பின்னர் அந்த மடிக்கணினி, கட்டடமொன்றின் நிலவறையில் கம்பிகள் கூடும் சிற்றறைக்குள் வலையோடு நேரே இணைக்கப்பட்டது. 2011 தைமாதம் 4 ஆந் திகதி அதனைக் கண்டுபிடித்தவர்கள் அதனை அகற்றாது, இரகசியக் கமரா ஒன்றைப் பொருத்திக் காத்திருந்தனர். துவிச்சக்கரவண்டித் தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து போனார். 6 ஆந் திகதி பொலிசார் சுவார்ட்ஸைக் கைதுசெய்தனர். எடுக்கப்பட்ட கட்டுரைகள் ஏறக்குறைய 48 இலட்சம்.

அப்பொழுது அவர் அயலிலுள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர். அங்கிருந்தபடியே ஜேஸ்ரோரைப் படிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. அவ்வளவு கட்டுரைகளையும் எதற்காகச் சேர்த்தார் என்பதை அவர் வெளிப்படச் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் பகிர்ந்தளிக்கவே என்றது அரசாங்கம். ஆனால் முன்னொருமுறை அவர் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட சட்டக் கட்டுரைகளைத் திரட்டி, எந்த ஆய்வுக்கு எவர் பணம் கொடுத்தார் என்று ஆராய உதவியவர். இதுவும் அத்தகைய ஆய்வுக்காக இருந்திருக்கலாம்.

ஒன்று மட்டும் உறுதி. தம் கொள்கை நேரியது என்று துணிந்தவர் முகத்தை மறைத்தது பொருந்தவில்லை. 1930 இல் உப்பெடுக்கப் புறப்பட்ட காந்தியடிகள் தாம் செய்யப்போவதை முன்கூட்டியே அரசப் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதி அறிவித்துவிட்டே தண்டிக் கடற்கரைக்கு நடந்தார். சட்டத்தை மீறுபவர் தண்டனையை வெளிப்படையாக ஏற்க நிற்கும்போதுதான் மீறலுக்கு வலிமை பிறக்கிறது. சுவார்ட்ஸ் அந்த வலிமையைத் தாமே இழந்துவிட்டார் என்று சொல்வது கடுமையாகத் தோன்றினும் உண்மை.

ஆயின் அவர் செய்த பிழைக்கு அரசாங்கம் எடுத்த தடி எத்தகையது? ஜேஸ்ரோர் 2011 ஜூனில் அவரோடு இணக்கம் செய்துகொண்டது. கட்டுரைகள் திருப்பித் தரப்பட்டன. அவை எங்கும் பரப்பப்படவில்லை, பரப்பப்படா என்ற உறுதியும் கிடைத்தது. வழக்கில் தனக்கு அக்கறையில்லை என்றும் அது அறிவித்தது. பொருளுக்கு உடையவர் போதும் என்றார். அடுத்த மாதமே அரச வழக்குத்தொடுநர் குற்றப்பத்திரம் கொடுத்தனர். கணினிக் கட்டளையால் எடுத்தாலும் கடப்பாரையால் எடுத்தாலும் களவு களவே என்று தலைமை வழக்குத்தொடுநர் அறிவித்தார். கடப்பாரையால் திறந்த வீட்டிற் பொருள் இராது. ஜேஸ்ரோரிலோ ஒரு கட்டுரைகூடக் குறையவில்லை. இவ்வேறுபாட்டைச் சிறு பிள்ளையும் அறியும்.

இவ்வழக்கில் வியப்பானது யாதெனில், அவர்மேற் பதிப்புரிமைக் குற்றம் சாட்டப்படவே இல்லை. 1986 ஆம் ஆண்டின் கணினி மோசடிச் சட்டத்தின் கீழும், கம்பிவழி மோசடிச் சட்டத்தின் கீழுமே அவர் குற்றஞ் சாட்டப்பட்டார். அனுமதியின்றியோ அனுமதிக்கு மிஞ்சியோ ஒரு கணினியைப் பயன்படுத்துதல் அச்சட்டப்படி குற்றம். அனுமதி என்ற சொல்லின் எல்லை யாது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. சேவையின் நிபந்தனைகளை மீறினால் அதுவும் குற்றமாகுமா என்று சட்டத்தரணிகளே பிணங்கினர். முதலிற் சாட்டப்பட்ட நான்கு குற்றங்களுக்கு முப்பத்தைந்து ஆண்டுச் சிறையும் பத்து இலட்சம் டொலர் தண்டமும் உச்சம் என்றனர். 2012 செப்ரெம்பரிற் குற்றங்கள் பதின்மூன்றாக உயர்ந்தன. உச்சத் தண்டனை ஐம்பது ஆண்டுவரை ஏறிற்று. அதே வேளையில், பதின்மூன்றையும் ஒப்புக்கொண்டால் ஆறு மாதச் சிறை போதும் என்றும் அரசாங்கம் பேசியது. ஆறு மாதந்தான் தக்க தண்டனை என்றால், விசாரணை கேட்பவன் தலைமேல் ஐம்பது ஆண்டைத் தொங்கவிடுவது எதற்காக? குற்றமற்றவன் என்று நீதிமன்றத்திற் சொல்லிப் பார்க்கும் உரிமைக்கு இட்ட விலையல்லவா அது? சுவார்ட்ஸ் ஒப்புக்கொள்ள மறுத்தார்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதும் அவர் வாளாவிருக்கவில்லை. பதிப்புரிமை மீறல் என்ற குற்றச்சாட்டின்பேரில் இணையத்தளங்களையே முடக்க வழிசெய்யும் மசோதா ஒன்று அமெரிக்கக் காங்கிரசில் வந்தபோது, அதனை எதிர்த்து மக்களைத் திரட்டியவர்களுள் அவரும் ஒருவர். 2012 தைமாதம் 18 ஆந் திகதி விக்கிப்பீடியா முதலிய தளங்கள் தம் பக்கங்களை மூடி எதிர்ப்புக் காட்டின, மசோதா கைவிடப்பட்டது.

2013 தைமாதம் 11 ஆந் திகதி, விசாரணை தொடங்கச் சில மாதங்களே இருக்கையில், நியூயோர்க் நகரில் ஆரன் சுவார்ட்ஸ் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது இருபத்தாறு. அவருடைய குடும்பத்தார் வழக்குத்தொடுநரையும் தொழில்நுட்ப நிறுவனத்தையும் குற்றங் கூறினர். மனிதர் ஒருவர் அம்முடிவுக்கு வருவதற்கு ஒரே காரணத்தைச் சுட்டிக் காட்டுதல் பொறுப்பான பேச்சு அன்று. உளச்சோர்வு தம்மை வாட்டுவதை அவரே சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுதியிருந்தார். மூன்று நாட் கழித்து, குற்றஞ் சாட்டப்பட்டவர் இறந்தமையால் வழக்கு மீளப்பெறப்பட்டது.

தொழில்நுட்ப நிறுவனம் தன் பேராசிரியர் ஹால் ஏபல்சன் தலைமையில் ஆராய்ந்து அவ்வாண்டு ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. நிறுவனம் நடுநிலை வகித்தது. சட்டப்படி பிழை செய்யவில்லை. ஆனால் வழிகாட்டியாக நின்றிருக்கக்கூடிய ஒரு சந்தர்ப்பத்தைத் தவறவிட்டது என்பது அதன் சாரம். தன் வாயிலைத் திறந்துவைத்ததற்காகப் பெயர்பெற்ற கல்விக்கூடம், உள்ளே வந்த இளைஞன் தவறியபோது கைகட்டி நின்றது. அறிக்கையின் மெல்லிய சொற்களுக்குள்ளே அந்த வருத்தம் இருக்கிறது.

அவர் பெயரால் 2013 இற் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தம் காங்கிரசில் நிறைவேறவில்லை. 2021 ஜூனில் ஜோர்ஜியா மாநிலத்துப் பொலிஸ் அலுவலர் ஒருவருடைய வழக்கில் உயர்நீதிமன்றமே அந்தக் கணினிச் சட்டத்தின் எல்லையைச் சுருக்கியது: பார்க்க அனுமதி பெற்ற ஏட்டைத் தகாத நோக்கத்துக்குப் பார்த்தமை மாத்திரம் அச்சட்டத்தின்படி குற்றமாகாது என்றது. கட்டுரைகளின் பூட்டும் கொஞ்சங் கொஞ்சமாகத் தளர்ந்தது. அரசாங்கப் பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகள் ஓராண்டுக்குள் பொதுமக்களுக்குத் திறக்கப்படவேண்டும் என்று 2013 மாசியில் வெள்ளை மாளிகை பெரிய திணைக்களங்களுக்குப் பணித்தது. 2022 ஓகஸ்டில் அந்த ஓராண்டுத் தவணையையும் நீக்கியது. மருத்துவ ஆய்வுக்குப் பெரும்பணம் வழங்கும் தேசிய சுகாதார நிறுவகங்கள் 2025 ஜூலை முதலாந் திகதி தொடக்கம் அதனை நடைமுறைப்படுத்தின. இனி இதற்காக எவரும் நிலவறைக்குட் செல்லவேண்டியதில்லை. பழைய கட்டுரைகள் பலவற்றின் நிலை மாத்திரம் முன்போலவே.

சுவார்ட்ஸ் மேற் குற்றப்பத்திரம் வந்த அதே 2011 ஜூலையில், அதனாற் சினங்கொண்ட ஒருவர் இலண்டன் ரோயல் சங்கத்தின் பழைய ஆராய்ச்சி ஏடுகள் 18,592 ஐ இணையத்தில் எவரும் எடுக்கத்தக்கவாறு இட்டார். 1665 இல் தொடங்கிய சஞ்சிகை அது. பதிப்புரிமை எப்பொழுதோ காலாவதியான கட்டுரைகள். ஆயினும் ஜேஸ்ரோரின் பூட்டுக்குள் இருந்தவை. அவரை எவரும் சிறையிலிடவில்லை. செப்ரெம்பரில் ஜேஸ்ரோர், தன்னிடமிருந்த காலங்கடந்த கட்டுரைகள் ஏறக்குறைய ஐந்து இலட்சத்தைத் தானே எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஒக்டோபரில் ரோயல் சங்கமும் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட தன் கட்டுரைகளை இலவசமாக்கியது. 2013 தைமாதம் 9 ஆந் திகதி, பெயரைப் பதிந்துகொள்ளும் எவரும் பணம் செலுத்தாது 1,200 சஞ்சிகைகளின் கட்டுரைகளை இரு வாரத்துக்கு மூன்று வீதம் படிக்கலாம் என்று ஜேஸ்ரோர் அறிவித்தது. அதற்கு மறுநாளுக்கு மறுநாள்தான் சுவார்ட்ஸ் மறைந்தார்.